மின்துடிப்பும் வெற்றிலைப் பையும்

நோயின் வரலாறு வைத்தியர்களின் வரலாறு மட்டுமன்று. நோயுற்ற மக்களின் வரலாறுமாகும். ஒரு நோய் எந்த வர்க்கத்தைத் தேடிச் செல்கின்றது, எந்தத் தொழிலோடு ஒட்டி வாழ்கின்றது, அதற்குக் கண்ட மருந்து யாருடைய கைக்கு முதலில் எட்டுகின்றது என்னும் வினாக்களை எழுப்பாது எழுதப்படும் மருத்துவ வரலாறு, அரசர்களின் பெயர்களை மட்டும் அடுக்கிச் சொல்லும் நாட்டு வரலாற்றைப் போன்றதே. இவ்வுண்மைக்கு நமது கண்டிச் சீமையிலேயே தக்க சான்று ஒன்று உண்டு. வாய்ப்புற்றுநோயே அது.

பேராதனையில் ஒகஸ்ரா குன்று என்றொரு மேடு இருக்கின்றது. கொழும்பிலே தொடங்கப்பெற்ற பல் வைத்தியக் கல்வி 1954 ஆம் ஆண்டில் இக்குன்றுக்கு இடம்மாறி வந்தது. 1998 இல் யப்பானிய நாட்டின் உதவியோடு புதிய பல் போதனா வைத்தியசாலை இங்கு எழுந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாம் தமிழ் பயின்ற நாட்களில், காலை வேளைகளில் அப்பக்கமாகச் செல்வோரைப் பலமுறை கண்டிருக்கின்றோம். புசல்லாவை, நாவலப்பிட்டி, தெல்தோட்டைப் பக்கங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கி, சேலைத் தலைப்பால் கன்னத்தை மறைத்தபடி மெல்ல நடந்து செல்லும் மூதாட்டிகள். பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு வரும் முதியவர்கள். பல்வலிக்கு மருந்து தேடி வந்தவர்கள் என்றே அன்று எண்ணினோம். அவர்களுட் பலர் வந்தது பல்வலிக்கன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

தலையிலும் கழுத்திலும் தோன்றும் புற்றுநோய்களுக்கு மின்துடிப்புகளைத் துணைகொண்டு செய்யப்படும் ஒரு சிகிச்சை கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் வளர்ந்து வந்திருக்கின்றது. விஞ்ஞானத்தின் அரிய பேறுகளுள் அதுவும் ஒன்று. அதே காலத்தில் நமது மலைநாட்டில், மின்சாரமோ அரிய மருந்தோ இன்றி, வெறுங்கண்ணையும் சிறு விளக்கையும் துணையாகக் கொண்ட வேறொரு முயற்சியும் நடைபெற்றது. இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாக்கு வந்த வழி

வெற்றிலையும் பாக்கும் நமது வாழ்விற் பெற்றிருக்கும் இடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருமணப் பேச்சு வெற்றிலை மாற்றுவதில் உறுதியாகின்றது. விருந்து தாம்பூலத்தோடு நிறைவுறுகின்றது. சிலப்பதிகாரத்திலே, மதுரைக்குப் புறத்தே ஆயர் மனையிற் கோவலன் உண்ட கடைசி உணவின் பின்னர்க் கண்ணகி அவனுக்கு அளிப்பதும் வெற்றிலையும் பாக்குமே. பெரியோரை வெற்றிலை கொடுத்து வணங்கும் வழக்கம் சிங்கள மக்களிடையே இன்றும் உயிரோடிருக்கின்றது. மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட மக்களைப் பொதுவில் இணைத்த பழக்கங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

ஆயின், பாக்கு பண்பாட்டுப் பொருளாக இருந்த அளவுக்கு வணிகப் பொருளாகவும் இருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில் இந்நாட்டு மக்களின் வெற்றிலைப் பழக்கத்தையும் பாக்கு விளைவையும் குறிப்பிட்டிருக்கின்றார். கண்டிக் கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களில் விளைந்த பாக்கு, மூட்டைகளாகக் கரையோரத்துக்கு இறங்கி, கடல் கடந்து தமிழகக் கரைக்குச் சென்றது. அதன் ஆதாயத்தைக் கண்ட ஒல்லாந்தர் அவ்வணிகத்தைத் தமது தனியுரிமையாக்கிக் கொண்டனர். பாக்கை விளைவித்த குடியானவனுக்கும் அதை மென்ற தமிழ்நாட்டு உழவனுக்கும் இடையே நின்று பொருளீட்டியவர்கள் துறைமுகங்களைக் கைப்பற்றியிருந்த வணிகக் கம்பெனியாரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ்க் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். இத்தோட்டங்களுக்காக, எந்தக் கரைக்குக் கண்டிப் பாக்கு சென்றதோ அந்தத் தமிழகக் கரையிலிருந்தே மனிதர்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிறங்கிக் காடுகளினூடாக மாத்தளை வரை நடந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். மிஞ்சியோர் லயக் காம்பராக்களிற் குடியேறினர். அவர்களது மடியில் வெற்றிலைப் பையும் வந்தது.

தோட்டத்து வாழ்வில் அப்பையின் பொருள் மாறிற்று. ஊரில் உணவுக்குப் பின் இன்பமாக மெல்லப்பட்டது, மலையிலே உணவுக்கு மாற்றாயிற்று. விடியற் குளிரிற் பெரட்டுக்களத்தில் நிற்கும்போதும், பனியில் நனைந்து கொழுந்து பறிக்கும்போதும், பகல் உணவு தள்ளிப்போகும்போதும் ஒருவாய் வெற்றிலை பசியை மந்தப்படுத்தும். உடம்பிற் சிறிது சூடேற்றும். களைப்பை மறக்கச் செய்யும். இரண்டு கைகளும் கொழுந்தில் இருக்க வாய் மட்டுமே ஓய்வாயிருந்தது. முழுப்பேர் விழுவதற்குரிய கொழுந்து நிறையாவிடின் அரைப்பேர்தான் என்னும் அச்சத்தின் நடுவே, மெல்லுதலே தொழிலாளிக்குக் கிட்டிய ஒரே இளைப்பாறுதலாயிற்று. ஆகவே இப்பழக்கத்தை அறியாமை என்று மட்டும் கூறி ஏளனஞ் செய்பவர்கள், அதனைத் தோற்றுவித்த வேலைநாளின் நீளத்தை அளந்து பார்ப்பது நன்று.

கண்டோர் கூறியவை

வெற்றிலை மெல்லுவோரின் வாயிற் புற்று மிகுதியாகத் தோன்றுவதை வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டனர். சென்னையிற் பணியாற்றிய நிப்ளொக் என்பார் 1902 இல் இதுபற்றி எழுதினார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூரின் மிஷன் வைத்தியசாலையிலிருந்து பென்ரல் என்பார் 1908 இல் 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். அவருட் பெரும்பாலோருக்கு வாயிலேயே நோய் இருந்தது. அதே திருவிதாங்கூரின் வெற்றிலை மெல்லுவோரைப் பற்றி 1933 இல் ஓர் என்பவர் ஆராய்ந்து எழுதினார். திருவிதாங்கூர்ச் சந்தைக்கு யாழ்ப்பாணத்துப் புகையிலை ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம் அது. கண்டிப் பாக்கும் யாழ்ப்பாணப் புகையிலையும் கடல் கடந்து போய்த் தமிழர் வாயிலே சந்தித்துக்கொண்டன. வணிகர் கணக்கேட்டில் அவை வரவாக எழுதப்பட்டன. அவற்றின் செலவு நெய்யூரின் கட்டில்களிலே காணப்பட்டது.

இலங்கையில் 1949 ஆம் ஆண்டிற் பல் வைத்தியர் பாலேந்திரா, வெற்றிலை மெல்லுதலுக்கும் கன்னப் புற்றுக்கும் இருக்கக்கூடிய தொடர்பைப் பற்றிப் பிரித்தானியப் பல் வைத்திய இதழில் எழுதினார். 1966 இல் யப்பானிய ஆய்வாளர் ஹிரயாமா, இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட ஆசிய நாடுகளின் வாய்ப்புற்றைப் பற்றிய விரிவான ஆய்வை உலக சுகாதார தாபனத்தின் ஏட்டில் வெளியிட்டார்.

ஆயினும் நெடுங்காலம் ஓர் எண்ணம் நிலவிற்று. தீங்கு செய்வது புகையிலைதான். வெறும் வெற்றிலையும் பாக்கும் குற்றமற்றவை என்பதே அது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985 இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தையே புற்றுநோய்க் காரணி என்று வகுத்தது. 2004 இல் அந்நிலையம் மீண்டும் சான்றுகளை ஆராய்ந்து, புகையிலை சேராத தாம்பூலமும், பாக்குத் தானும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவனவே என்று அறிவித்தது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்சவ்வுக்குக் கீழே நார் படரச் செய்கின்றது. முதலிற் காரம் தாங்காது வாய் எரியும். பின்னர் கன்னம் விறைக்கும். நாளடைவில் இரண்டு விரல் நுழையவும் வாய் திறவாது. இந்நிலையிலும், கன்னத்திற் படியும் வெள்ளைப் படையிலும் புற்று வேர்கொள்ளக்கூடும். 

இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாயையும் தொண்டையையும் பற்றுவன பல்லாண்டுகளாக முதலிடத்தில் இருந்து வருகின்றன. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைப் பேராதனைப் பல் வைத்திய பீடத்தார் தனியே ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டனர். நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள உறவை அவர்கள் உணர்ந்திருந்தமைக்கு அவ்வாய்வே சான்று.

தவளையிலிருந்து மனிதனுக்கு

இனி மின்துடிப்பின் வரலாற்றைக் காண்போம். 1791 இல் இத்தாலியரான கல்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதை விளக்கி எழுதினார். உயிருள்ள பொருளுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு அன்றிலிருந்து விஞ்ஞானிகளின் சிந்தனையைக் கவர்ந்தது. 1958 இல் ஸ்ரெம்ப்ளி என்னும் ஆய்வாளர் தவளையின் நரம்பைச் சோதித்தபோது, மின்சாரத்தால் அதன் மென்சவ்வு உடைந்து, பின்னர் தானாகவே பழைய நிலைக்கு மீளக்கூடும் என்பதைக் கண்டார். 1967 இல் சேல், ஹமில்ரன் என்போர் வலிய மின்புலம் நுண்ணுயிர்களைக் கொல்லுவதைக் காட்டினர். 1982 இல் ஜேர்மனியில் நொய்மானும் அவருடைய துணைவர்களும் மின்துடிப்பினாற் கலங்களைத் திறந்து அவற்றுள்ளே மரபணுக்களைச் செலுத்தினர்.

இதன் தத்துவம் மாணவர்க்கு எளிதில் விளங்கக்கூடியதே. நமது உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கின்றது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இருநூறாயிரத்தில் ஒரு பங்கு அளவே. கொழுப்பாலான இச்சவ்வு, வேண்டாத பொருள்கள் உட்புகாது காக்கின்றது. அக்காவலே சில மருந்துகளுக்கும் தடையாகின்றது. மிகக் குறுகிய நேரத்துக்கு வலிய மின்புலம் ஒன்றை ஏற்படுத்தினால், சவ்விலே கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் தோன்றுகின்றன. சில நிமிடங்களில் அவை மூடிக்கொள்கின்றன. அதற்குள் மருந்து உள்ளே சென்றுவிடுகின்றது.

இவ்வாறு செலுத்துவதற்கு ஏற்ற இரண்டு மருந்துகள் ஏற்கெனவே இருந்தன. ஒன்று, யப்பானில் உமேசாவா என்பார் 1960 களில் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த பிளியோமைசின். இது கலத்தின் உள்ளே சென்றால் மரபுப் பொருளையே துண்டிக்கும் வலிமையுடையது. ஆனாற் சவ்வைக் கடந்து செல்வதிலோ மிகவும் பின்னிற்பது. மற்றையது சிஸ்பிளாற்றின். அமெரிக்காவில் றோசன்பேக் என்பார், பிளாற்றினக் கம்பிகளின் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சி நுண்ணுயிர்களின் வளர்ச்சியைச் சோதித்தபோது, அவை பிரிந்து பெருகாது நின்றுவிட்டதைக் கண்டார். அதற்குக் காரணம் மின்சாரமன்று, கம்பியிலிருந்து கரைந்த பிளாற்றினச் சேர்வையே என்பதை அவர் 1965 இல் வெளியிட்டார். மின்சார ஆராய்ச்சியின் வழியிலே தற்செயலாகக் கிடைத்த அம்மருந்து, பின்னர் மின்துடிப்போடு மீண்டும் சேர்ந்துகொண்டது.

1987 இல் யப்பானில் ஒகினோ, மோரி என்போர் விலங்குகளின் கட்டிகளிற் பிளியோமைசினையும் மின்துடிப்பையும் சேர்த்துச் சோதித்தனர். அடுத்த ஆண்டிற் பிரான்சின் வில்சுயிவ் நகரிலுள்ள குஸ்தாவ் றூசி நிலையத்தில் லூயி மீரும் அவருடைய துணைவர்களும், மின்துடிப்புப் பெற்ற கலங்களைக் கொல்லும் ஆற்றல் பிளியோமைசினுக்கு நூற்றுக்கணக்கான மடங்கு பெருகுவதைக் காட்டினர். மனிதரிடத்து இம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டபோது தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களே. சத்திர சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் செய்த பின்னரும் தோலிற் கட்டிகள் மீண்டும் முளைத்த 8 பேரின் 40 கட்டிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவற்றுள் 23 கட்டிகள் முற்றாக மறைந்தன. 1991 இல் முதலறிக்கையும் 1993 இல் விரிவான அறிக்கையும் வெளிவந்தன.

பின்னர் பிரான்ஸ், டென்மார்க், அயர்லாந்து, சிலோவேனியா ஆகிய நாடுகளின் நான்கு நிலையங்கள் ஐரோப்பியப் பொதுநிதியின் துணையோடு கூடிச் செயலாற்றி, இச்சிகிச்சைக்குரிய பொது ஒழுங்குமுறையை 2006 இல் வெளியிட்டன. மருந்து குருதியில் ஏற்றப்பட்டு, எட்டு நிமிடங்கள் கழிந்தபின் கட்டியைச் சுற்றி ஊசி முனைகள் வைக்கப்படுகின்றன. ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஆயிரம் வோல்ற்று என்னும் அளவில் எட்டுத் துடிப்புகள் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிலைக்கின்றது. அவ்வாய்வில் மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து சுருங்கின. ஏறத்தாழ எழுபத்துநான்கு முற்றாக மறைந்தன.

இதன் எல்லைகளையும் மறைக்காமற் கூறவேண்டும். இச்சிகிச்சை மின்முனை எட்டும் இடத்துக்கு மட்டுமே பயன்படும். உடம்பின் வேறிடங்களுக்குப் பரவிய நோயை அது தொடாது. தோலிற் கண்ட வெற்றி வாயினுள்ளும் தொண்டையினுள்ளும் முழுமையாகக் கிட்டவில்லை. ஐரோப்பிய நிலையங்கள் பல ஒருங்கு சேர்ந்து, வாய், தொண்டை ஆகியவற்றின் உட்சவ்விலே மீண்டும் தோன்றிய புற்றுகளைப் பற்றி 2017 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பாதிக்குச் சற்று மேற்பட்ட கட்டிகளே சுருங்கின. முற்றாக மறைந்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே வாய்ப்புற்றுக்கு இன்றும் முதன்மையான சிகிச்சை சத்திரமும் கதிருமே. அவை கைவிட்டோருக்கு வலியையும் குருதிக் கசிவையும் புண்ணையும் குறைத்து, எஞ்சிய வாழ்நாளைத் தாங்கத்தக்கதாக்குவதிலேயே மின்துடிப்பு பெரிதும் பயன்படுகின்றது. கட்டி சிறிதாயிருக்கும்போது அதன் வலிமை மிகுகின்றது. கட்டி பெருக்கப் பெருக்க அது குன்றுகின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம்பிக்கை தரும் செய்தி வேறொன்றும் உண்டு. 2012 இல் கொப்பன்ஹேகன் ஆய்வாளர்கள், விலையுயர்ந்த மருந்துக்குப் பதிலாகக் கல்சியத்தை மின்துடிப்போடு செலுத்தினாலும் புற்றுக்கலங்கள் மடிவதைக் காட்டினர். அளவுக்கு மிஞ்சிய கல்சியம் உட்புகுந்ததும் கலத்தின் ஆற்றல் வற்றிப்போகின்றது. தலை, கழுத்துப் புற்றுநோயாளர் சிலரிடத்தும் இது சோதிக்கப்பட்டுள்ளது. இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ள இம்முறை உறுதிப்படுமாயின், கல்சியம் எங்கும் மலிவாகக் கிடைக்கும் பொருளாதலின், வறிய நாடுகளுக்கு அது பெரும்பேறாகும்.

இவ்வரலாற்றில் நாம் காணவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இத்தாலியின் தவளையும், யப்பானின் மண்ணும், ஜேர்மனியின் ஆய்வுகூடமும், பிரான்சின் வைத்தியசாலையும் சேர்ந்தே இச்சிகிச்சையை உருவாக்கின. எந்த ஒரு நாட்டுக்கும், எந்த ஒரு கம்பெனிக்கும் உரிய தனிச்சொத்தன்று அது. மனித குலம் கூடி உழைத்துப் பெற்ற அறிவின் பயனும் மனித குலத்துக்குப் பொதுவாதலே நீதி.

நூற்றுக்கு நாற்பத்தாறு பேர்

இப்பொழுது நமது மலைநாட்டுக்குத் திரும்புவோம். பிரெஞ்சு ஆய்வாளர்கள் தமது சோதனைகளைத் தொடங்குவதற்கு முன்னரே, இலங்கையின் பல் வைத்தியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய துணைவர்களும் ஓர் எளிய வினாவை எழுப்பினர். வாயின் வெள்ளைப் படையைக் கண்டுபிடிப்பதற்குப் பல் வைத்தியர்தான் வேண்டுமா? கிராமந்தோறும் வீடு வீடாகச் சென்று கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்துவரும் அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்கே அதனைக் கற்பித்தால் என்ன? டென்மார்க்கின் புகழ்பெற்ற வாய்நோய் அறிஞர் பின்பொர்க்கும் இம்முயற்சியிற் பங்குகொண்டார்.

குறுகிய காலப் பயிற்சி பெற்ற 34 ஊழியர்கள் ஓராண்டில் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்தனர். அவருள் 1,220 பேரிடத்து ஐயத்துக்குரிய குறிகளைக் கண்டு, மேற்பரிசோதனைக்கு வருமாறு அனுப்பினர். வந்தவர்களை நிபுணர்கள் ஆராய்ந்தபோது, அவ்வூழியர்களின் கணிப்பு மிகப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. 1984 இல் உலக சுகாதார தாபனத்தின் ஏட்டில் இம்முடிவுகள் வெளிவந்தபோது உலகம் வியந்து நோக்கியது. விலையுயர்ந்த கருவிகள் எவையுமின்றி, சாதாரண மக்களின் பிள்ளைகளான ஊழியர்களே புற்றுநோயை முளையிற் கண்டறிய முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய பெருமை இச்சிறு நாட்டுக்குரியது.

பின்னர் கேரளத்தில், திருவனந்தபுரத்தைச் சூழ்ந்த பகுதியில் இதே வழியிற் பெரியதொரு ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று வாயைப் பரிசோதித்த ஊர்களில், புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005 இல் அவ்வாய்வாளர் அறிவித்தனர்.

ஆயின் 1984 ஆம் ஆண்டு அறிக்கையில், மேற்கோளாக எடுத்துரைக்கப்படும் எண்களுக்கு நடுவே, நம்மை நிறுத்திச் சிந்திக்கவைக்கும் எண் ஒன்று இருக்கின்றது. மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் வந்து சேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஐம்பத்துநான்கு பேரே. எஞ்சிய நாற்பத்தாறு பேர் வரவில்லை. வாயில் ஐயத்துக்குரிய குறி உண்டு என்று சொல்லப்பட்டது. போகவேண்டிய இடமும் சொல்லப்பட்டது. இருந்தும் அவர்கள் வரவில்லை.

அவர்கள் ஏன் வரவில்லை? நோவு இல்லாத நோய்க்கு ஒரு நாள் வேலையை இழக்க முடியாது என்பது முதற் காரணம். தொடக்க நிலையில் வெள்ளைப் படை நோவதில்லை. அதுவே அதன் கொடுமை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தில் ஒரு நாள் என்பது அன்றைய பேர் மட்டுமன்று. பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் பேர், பார்ப்பாரின்றி விடப்படும் குழந்தை எல்லாம் சேர்ந்ததே. மொழியும் ஒரு காரணம். வைத்தியசாலையில் தம் நோயைத் தம் மொழியிற் சொல்ல முடியுமா என்னும் தயக்கம் தோட்டத்துத் தமிழர்க்கு என்றும் இருந்து வந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனைச் சிறிது சிறிதாகவே மீளப்பெற்ற ஒரு மக்கட் கூட்டத்துக்கு, அரசாங்கக் கட்டடங்களின் வாயிலில் நிற்பதே ஒரு கூச்சந்தான். உரிமையோடு கேட்கப் பழகாதவர் நோயையும் மறைத்துக்கொள்ளவே பழகுகின்றனர்.

நாம் வாசிக்கத் தவறியது

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வகுப்பிலே ‘எங்கள் வீட்டுப் பெரியவர்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் செய்தோம். தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். ஓய்வுபெற்ற பின்னரும் விடியுமுன் எழுபவள். வெற்றிலைப் பையைத் தலையணைக்கடியில் வைத்துத் துயில்பவள். ‘பாட்டிக்கு இப்போது கறி உறைக்கிறதாம். சோற்றைத் தண்ணீரில் கரைத்துத்தான் குடிக்கிறாள். நாங்கள் சிரித்தாலும் வாயைத் திறந்து சிரிக்க மாட்டாள்’ என்று எழுதியிருந்தாள்.

நாம் என்ன செய்தோம்? றகர ரகரப் பிழைகளைச் சிவப்பு மையாலே திருத்தினோம். கட்டுரை நன்று என்று அடியிலே குறித்து, இருபதுக்குப் பதினான்கு புள்ளிகள் இட்டுத் திருப்பிக் கொடுத்தோம். எட்டு மாதங்கள் கழிந்து அம்மாணவி தொடர்ச்சியாகப் பாடசாலைக்கு வராதபோதுதான் விசாரித்தோம். பாட்டியின் தாடையில் ஒரு பகுதி சத்திர சிகிச்சையால் நீக்கப்பட்டிருந்தது. துணைக்கிருக்க வேறு ஆளில்லாமையால் பேத்தி வைத்தியசாலையில் இருந்தாள். கதிர்ச் சிகிச்சையும் நடந்தது. அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு முன்னர் பாட்டி காலமானாள்.

அக்கட்டுரையிலே நோயின் குறிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. கறி உறைத்தமை; மெல்ல முடியாமை; வாய் திறவாமை. பதின்மூன்று வயதுச் சிறுமி தன் கண்ணாற் கண்டு பிழையின்றிக் கூறியிருந்தாள். எழுத்துப் பிழையைக் கண்ட நமது கண்ணுக்கு அவள் எழுதியது தெரியவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் நமக்கு இலக்கியத்தை வாசிக்கக் கற்பித்தது. நம்மைச் சூழ்ந்த வாழ்வை வாசிப்பது நாமே கற்றிருக்க வேண்டியது. அன்று நமக்கு இது தெரிந்திருந்தால் அம்மூதாட்டி பிழைத்திருப்பாள் என்று உறுதியாகக் கூற முடியாது. எட்டு மாதங்கள் முந்தியிருப்பாள் என்று மட்டும் கூறலாம். இந்நோயில் எட்டு மாதங்கள் சிறியவையல்ல.

இதனை நமது தனித் துயரமாகக் கூறவில்லை. மலையகத்துப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரின் வகுப்பிலும் அத்தகைய பாட்டியர் உள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கின்றனர். சுகாதார ஊழியர் ஆண்டுக்கு ஒருமுறை காணும் வாயை அப்பிள்ளைகள் நாள்தோறும் காண்கின்றனர்.

செய்யத்தக்கவை

2016 இல் அரசாங்கம் புகையிலை சேர்ந்த மெல்லும் பொருள்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. வரவேற்கத்தக்க சட்டமே அது. ஆயினும் வீட்டிலே மடித்து மெல்லும் வெற்றிலையையும் பாக்கையும் சட்டத்தால் நிறுத்திவிட முடியாது. வேலைநாளின் கடுமை குறையாமல், நேரத்துக்குச் சூடான உணவு கிடையாமல், மலைச்சரிவிற் பெய்யும் மழைக்கு ஒதுங்க ஓர் இடமும் இல்லாமல், ‘வெற்றிலையை விடு’ என்று சொல்வது பாதி உண்மையையே சொல்வதாகும். பழக்கத்தை மாற்றும் அறிவுரையும், பழக்கத்தைத் தோற்றுவித்த நிலைமையை மாற்றும் இயக்கமும் ஒன்றாகவே நடைபெறல் வேண்டும்.

வாய்ப் பரிசோதனைக்குச் செல்லும் நாளைச் சம்பளத்தோடு கூடிய நாளாக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். வாய்ப்புற்றைப் பற்றிய அறிவு தமிழிலே, தோட்டத்து மக்களின் வழக்குச் சொற்களிலே எழுதப்பட வேண்டும். ‘வெண்படை’ என்று பாடநூல் கூறுவதைப் பாட்டி ‘கன்னத்துல பூத்த மாதிரி’ என்று கூறுவாள். அச்சொல்லை அறிந்தவனே அவளுக்கு வைத்தியன். தமிழ் கற்ற நாம் செய்யக்கூடிய பணி இது. வேறு யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை. கன்னத்தில் வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ தோன்றினாலும், இரண்டு வாரங்களுக்கு மேலாகப் புண் ஆறாதிருந்தாலும், காரம் தாங்காவிடினும், வாய் சுருங்கிவரினும் உடனே பல் வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்னும் இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு மாணவனும் மனப்பாடமாக வீட்டுக்குக் கொண்டுசெல்வானாயின், அது நாம் கற்பிக்கும் செய்யுள்களுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததாகாது.

மின்துடிப்புச் சிகிச்சையை வேண்டாமென்று நாம் கூறவில்லை. விஞ்ஞானத்தின் உயர்ந்த பேறு எதுவோ அதுவே தேயிலை பறிக்கும் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நமது நிலை. வறியவர்க்கு எளிய வைத்தியமும் செல்வர்க்கு உயர்ந்த வைத்தியமும் என்னும் பாகுபாட்டை ஏற்பதற்கில்லை. ஆனால் அச்சிகிச்சையே நமக்குச் சொல்லும் பாடம், கட்டி சிறிதாயிருக்கும்போது வா என்பதன்றோ? ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கலத்தின் சவ்வைத் திறக்க மனிதன் கற்றுவிட்டான். ஒகஸ்ரா குன்றுக்கு வராத அந்த நாற்பத்தாறு பேர் வந்துசேரும் வழியைத் திறப்பதற்கு அத்துணை நுட்பமான கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நாட்சம்பளமும், ஒரு பஸ் கட்டணமும், தம் மொழியிற் பேசும் ஒரு மனிதரும் போதும்.

இவற்றைப் பெற்றுக்கொடுப்பது வைத்தியரின் கடமை மட்டுமன்று. சுகாதார ஊழியர்கள் தமது பங்கை 1984 ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டனர். இனி ஆசிரியரும் மாணவரும் தொழிற்சங்கத்தாரும் தத்தம் பங்கை ஆற்ற வேண்டும். நாளை காலை வகுப்பிற்குச் செல்லும்போது, பிள்ளைகளின் கட்டுரைகளை இன்னொரு முறை வாசித்துப் பார்ப்போமாக.